ஒளிப்பட அளவை: போட்டோகிராமெட்ரிக்கு ஏற்ற தமிழ்

மும்பை ஃபோர்ட் பகுதியில் பழைய கட்டடங்களை அளக்கும் தமிழர்கள் பேச்சில் ‘போட்டோ சர்வே’ என்பார்கள்; அறிக்கையில் ‘போட்டோகிராமெட்ரி’ என்று எழுதுவார்கள். முகப்பைப் பல இடங்களில் நின்று படமெடுத்து, படங்களுக்குப் பொதுவான புள்ளிகளைக் கொண்டு அளவு கணக்கிடுவது இந்த முறை.

கட்டடத்தைக் காக்கும் வேலையிலேயே பிறந்த சொல் இது. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மேய்டன்பவர் உயரத்திலிருந்து விழப் பார்த்தார். ஏறாமல் படத்திலேயே அளந்தால் என்ன என்று அப்போது தோன்றியது. 1867இல் சொல் அச்சேறியது. கிரேக்கத்தில் போட்டோஸ் ஒளி, கிராம்மா வரையப்பட்டது, மெட்ரோன் அளவு. ஒளி வரைந்ததை அளப்பது என்று பொருள்.

தமிழில் சிலர் ‘ஒளிப்பட அளவியல்’ என்கிறார்கள். ‘இயல்’ படிப்பைக் குறிக்கும். தெருவில் நின்று செய்வது வேலை. நில அளவை என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல், அதன் வழியில் ‘ஒளிப்பட அளவை’ என்பதே பொருந்தும். கட்டடத்தின் முன்பக்கத்துக்கு ‘ஃபசாடு’ வேண்டவே வேண்டாம். இத்தாலிய மொழியிலும் முகம் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் அது. நம் ‘முகப்பு’ம் அப்படியே.

அளவை என்று சொல்லிவிட்டால் அளவு சரியாக இருக்க வேண்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமரா, 35 மி.மீ. லென்ஸ், 10 மீட்டர் தூரம்: ஒரு பிக்சல் சுவரில் 1.7 மி.மீ., ஒரு படத்தின் அகலம் சுமார் 10 மீட்டர். அடுத்தடுத்த படங்கள் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழ 2 மீட்டருக்கு ஒரு படம். அரை மி.மீ. விரிசல் இதில் தெரியாது; 2 மீட்டருக்குள் நெருங்க வேண்டும்.

நடந்து நடந்து எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று திரும்பினால் ஆழம் கிடைக்காது. இடையில் ஜூமைத் தொட்டால் லென்ஸ் கணக்கு மாறிவிடும். நேராக மட்டும் எடுத்த நீண்ட முகப்பு, படங்களிலிருந்து கணினி உருவாக்கும் முப்பரிமாண மாடலில் வில்லாக வளையும். சாய்கோணப் படங்களும் சேர்த்தால் அது குறையும். கார்னிஸின் (சுவரிலிருந்து வெளியே நீட்டிய மேல்விளிம்பின்) மேற்பரப்பு தரையிலிருந்து தெரியாது, எதிர்க் கட்டட மாடியிலிருந்து எடுக்க வேண்டும். வெயில் நிழல் கோடுகளைப் போட்டுவிடும். மழை ஓய்ந்து, கல் உலர்ந்த மேகமூட்ட நாள் உத்தமம்.

டேப்பாலோ டோட்டல் ஸ்டேஷன் என்ற தூரமும் கோணமும் அளக்கும் கருவியாலோ சில நீளங்களைச் சுவரில் அளந்து வைத்து, ஒன்றையாவது மாடலின் கணக்கில் சேர்க்காமல், பிறகு சரிபார்க்க ஒதுக்கிவையுங்கள். 3 மீட்டர் என்று அளந்தது மாடலில் 3.02 என வந்தால் 20 மி.மீ. பிழை, அந்த வரைபடத்தை வைத்து மாற்றுக் கல் வெட்டச் சொல்லாதீர்கள்.