‘பாதுகாப்புவாதம்’ யாரைக் காக்கிறது?

2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்கு பலவற்றுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டாலும் போட்டது, ‘பாதுகாப்புவாதம்’ என்ற சொல் தெருவுக்கு வந்துவிட்டது. உள்ளூர்த் தொழிலைக் காக்க இறக்குமதியைத் தடுக்கும் கொள்கைக்கு (protectionism) வைத்த பேர் அது. ‘நாட்டுப் பாதுகாப்பு என்ற பேரில் பாதுகாப்புவாதம்’ என்று எழுதுகிறார்கள். தொண்டிப் பக்கம் வனாமி இறால் வளர்ப்பவர் இதைப் படித்தால் கப்பற்படைச் செய்தி என்று தாளைப் புரட்டிவிடுவார்.

வேர் ‘கா’. காவல், காப்பு, சேதுகாவலர் எல்லாம் அதன் பிள்ளைகள். ‘பாதுகாப்பு’ மட்டும் இன்று ராணுவத்தோடு ஒட்டிவிட்டது. வம்பே அங்குதான். அமெரிக்காவின் 1962-ஆம் ஆண்டு வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232-ஆம் பிரிவு, நாட்டுப் பாதுகாப்புக்காக இறக்குமதியைக் கட்டுப்படுத்த இடம் தருகிறது. 2018-இல் எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 விழுக்காடு வரி விழுந்தது அதன்கீழ்தான். உண்மையில் நாட்டைக் காக்கவா, உள்ளூர் ஆலையைக் காக்கவா என்பதே வழக்கு. இரண்டுக்கும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதினால் வழக்கு எங்கே நிற்கும்? போதாக்குறைக்கு ‘வாதம்’ வேறு. அது முழங்காலில் வருவது.

சிலர் ‘காப்புவரிக் கொள்கை’ என்கிறார்கள். தெளிவுதான், ஆனால் அளவு பத்தாது. வரி அதில் ஒரு கருவி மட்டுமே. 2019 முதல் நம் கடலில் பிடித்த இறாலை (வளர்ப்பு இறாலை அல்ல) அமெரிக்கா வாங்குவதில்லை. அது வரியல்ல, தடை. இழுவலையில் மீன் சேரும் மடிக்கு முன்னால் ஆமை விலக்கி இருக்கவேண்டும் என்பது நிபந்தனை: கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, இறால் நுழைந்து மடிக்குப் போகும், ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியே வெளியேறும். கூடவே மீனும் போகிறதே என்பது விசைப்படகுக்காரர் குறை. அமெரிக்க இழுவலைப் படகுக்கும் இந்த விதி உண்டு என்பதால் ஆமைக்காகவா, அங்குள்ள இறால்காரருக்காகவா என்று கேட்டால் இரண்டு பக்கமும் பேசலாம். ‘வரி’ என்று தொடங்கும் சொல் இந்தத் தடையைத் தொடவே தொடாது.

‘தொழிற்காப்பு’ வரி, தடை இரண்டையும் அடக்கும். கொள்கைக்கு அது, கருவிக்குக் ‘காப்புவரி’.

‘இந்தியா மீது வரி’ என்ற தலைப்பும் இதே ரகம். வரியைக் கட்டுபவர் அங்கே சரக்கு இறக்கும் வியாபாரி. அந்த 50 விழுக்காட்டில் 100 ரூபாய் வளர்ப்பு இறால் அவருக்கு 150 ஆனது. கொஞ்சத்தை அங்கே தின்பவர் தலையில் வைப்பார், மீதிக்கு இங்கே விலையைக் குறைக்கச் சொல்வார். கம்பெனி ஏஜெண்ட் 50 கவுண்ட் (கிலோவுக்கு 50 இறால்) விலையை இறக்குவது அப்படித்தான். தீவனமும் கரண்டும் இறங்காது.

இனி அந்த வாக்கியத்தை இப்படி எழுதலாமே: நாட்டுப் பாதுகாப்பு என்ற பேரில் தொழிற்காப்பு.