திருச்சி – பலாலி: 183 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 183 கிலோமீட்டர். இதையே 114 என்றும் 99 என்றும் போட்டிருப்பதைப் பார்க்கலாம். முன்னது மைல், பின்னது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அலகைப் பார்க்காமல் எண்ணை எடுத்தால் கணக்கு அங்கேயே தவறிவிடும்.

அதைவிடப் பெரிய தவறு, தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயணத் திட்டம் போடுவது. 2025 மார்ச் 30 முதல் இந்தத் தடத்தில் இண்டிகோ இயக்குவது ஏடிஆர் 72 என்னும் டர்போப்ராப் (டர்பைன் எஞ்சின் சுழற்றும் விசிறியால் பறக்கும்) விமானம். உயரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகும். வகுத்தால் 22 நிமிடம் வரும். அட்டவணையிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, மறுமுனையில் நின்று மீண்டும் கட்டை வைக்கும் வரை ஆகும் நேரம்தான் அட்டவணையில் இருப்பது. பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம். வானத்திலும் முழு வேகத்தில் போவது கொஞ்ச நேரம்தான். ஏறுவதிலும் இறங்குவதிலும் பெரும்பகுதித் தூரம் கழிந்துவிடும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக உள்ளது. பலாலியோ தென்கிழக்கே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிராக மேற்கே கிளம்பி, வளைந்து திரும்பித்தான் வழிக்கு வர வேண்டும். பலாலியிலும் எந்த முனையில் இறங்குவது என்பதைக் காற்றே முடிவு செய்யும். சுற்றி வர நேர்ந்தால் மேலும் சில நிமிடங்கள்.

சென்னை – பலாலி தூரம் சுமார் 354 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் அட்டவணை நேரம் ஒன்றே கால் மணி அளவுதான். தரையில் ஊர்வதும் ஏற்றமும் இறக்கமும் இரண்டுக்கும் பொது. நடுவிலுள்ள நேர்ப் பறப்பு மட்டுமே கூடுகிறது.

இணையக் கணிப்பான்கள் பல, ஜெட் விமானத்தின் 800 கிலோமீட்டர் வேகத்தை வைத்தே நேரம் சொல்கின்றன. பலாலி ஓடுபாதை 1,400 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. ஈரமான ஓடுபாதையில் விமானம் நிற்க அதிக நீளம் வேண்டும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் எடைக் கட்டுப்பாடோ தாமதமோ வர வாய்ப்பு அதிகம். அந்த மாதங்களில், இறங்கிய அன்றே கொழும்புக்குப் பேருந்தோ ரயிலோ முன்பதிவு செய்யாதீர்கள்.

தூரம் எவ்வளவு குறைவானாலும் இது வெளிநாட்டுப் பயணம். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருப்பது நல்லது. செக்-இன் கவுன்ட்டரைக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாக மூடிவிடுவார்கள். இறங்கியபின் குடிவரவு, சுங்கம், பெட்டிக்காகக் காத்திருப்பு. அங்கிருந்து யாழ் நகரம் 16 கிலோமீட்டர் அளவு. வீட்டு வாசலிலிருந்து ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தைத் திருத்த வேண்டாம்.

ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள பெட்டியறை சிறியது. பெரிய கைப்பெட்டியை விமானத்தடியிலேயே வாங்கிச் சரக்கறையில் வைத்துவிடுவார்கள். கடவுச்சீட்டு, மருந்து, பணம் மூன்றையும் சிறு தோள்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.