"சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கப் போகுது?"

பேய்ப் படம் பார்க்கிற பிள்ளை வன்முறைக்காரனாகிவிடுமா என்று பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் கேட்பார்கள். திருகோணமலையில் உளவளத்துணை வேலை செய்யும் எனக்கு அதைவிட வேறொரு கவலைதான் பெரிது. என்னிடம் கூட்டிக்கொண்டு வரப்படும் பிள்ளைகள் யாரையும் அடிப்பதில்லை. அவர்கள் பயந்து போயிருக்கிறார்கள். இரவில் தனியாகக் கழிப்பறைக்குப் போக மாட்டார்கள். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்திருக்கும். அம்மா குசினிக்குப் போனாலும் சட்டையைப் பிடித்தபடி பின்னால் போவார்கள்.

பெரும்பாலும் கோயிலில் நூல் கட்டி, அல்லது பள்ளிவாசலில் தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் வருவார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, பிள்ளைக்கு ஆறுதல் தருகிற எதுவும் நல்லதே. ஆனால் பிள்ளை கடைசியாக என்ன பார்த்தது என்று வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மெல்ல விசாரித்தால் ஒரு படம் வெளியே வரும். அதைப் பிள்ளை தேடிப் பார்த்திருக்காது. பெரியவர்கள் இரவில் போட்டிருப்பார்கள், பிள்ளை அதே அறையில் பாயில் படுத்திருந்திருக்கும். "நித்திரை எண்டுதான் நினைச்சம்" என்பார்கள். அடுத்த வார்த்தை, "சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கப் போகுது?"

பயப்படுவதற்குக் கதை விளங்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பயங்களைப் பல காலம் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர் காட்டியது இதைத்தான். ஏழு வயதுக்குக் கீழே பிள்ளையைப் பயமுறுத்துவது தோற்றம்: கோரமான முகம், நல்ல முகம் திடீரென்று உருமாறுவது. வளர்ந்த பிள்ளைக்கு, உண்மையில் நடக்கக்கூடியது என்று தோன்றுவதில்தான் கூடுதல் பயம்: வீட்டுக்குள் புகுந்து கொல்வது, ஆளைக் கடத்துவது. இரத்தம் தெறிக்கிற இன்றைய பேய்ப் படங்களில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆபத்து என்று கண்டதும் மூளையின் அமிக்டலா உடனே உடம்பை உசுப்பிவிடும். "இது நடிப்பு" என்று அதை அடக்க வேண்டிய மூளையின் முன்பகுதியோ இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும்.

1999இல் கேன்டரும் கிறிஸ்டன் ஹரிசனும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களில் சுமார் 90 வீதமானோர் சிறுவயதில் அல்லது பதின்ம வயதில் திரையில் பார்த்துப் பயந்த ஒன்றை நினைவு வைத்திருந்தார்கள். சுமார் 26 வீதமானோருக்கு அந்தப் பயத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது போனில் வரும் துண்டு வீடியோக்கள். "உண்மைச் சம்பவம்" என்று தலைப்புப் போட்டு, சிசிடிவி காட்சி மாதிரியே எடுத்திருப்பார்கள். 1992இல் பிபிசி, நேரலைபோலத் தோன்றும்படி எடுத்த ஒரு பேய் நாடகத்தை ஒளிபரப்பியது. அதைப் பார்த்த 10 வயதுச் சிறுவர்கள் இருவருக்கு, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயின் அறிகுறிகள் தோன்றியதை 1994இல் பிரித்தானிய மருத்துவ இதழில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

அப்புறம், எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட வீடுகள் இவை. 2006இல் சம்பூர், மூதூர்ப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளைகளோடு ஓடியவர்கள் இன்று அம்மம்மாக்கள். அவர்கள் திரையில் வரும் பேயைக் கண்டு அசைய மாட்டார்கள். சிதைந்த உடம்பும் அலறலும் வரும்போதுதான் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், அன்றிரவு நித்திரை வராது. பேரப்பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்று வாய் திறக்காமல் இருந்துவிடுவார்கள். இரவு பஸ்ஸில் சத்தமாக இப்படிப் படம் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பஸ்ஸில் இருப்பவர் எழும்பி எங்கே போவார்?

விரும்பிப் பார்க்கிற பெரியவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. கொரோனா காலத்தில் திகில் பட ரசிகர்கள் மனத்தளவில் ஓரளவு நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வும் உண்டு. அவர்கள் தாங்களே தெரிவு செய்து பார்க்கிறார்கள், வேண்டாமென்றால் நிறுத்துகிறார்கள். பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

பிள்ளை பயந்துவிட்டால் என்ன செய்யலாம்? சின்னப் பிள்ளையிடம் "அது பொய்" என்று விளக்கிப் பிரயோசனம் குறைவு. அணைத்துக்கொள்ளுங்கள், சின்ன லைற்றைப் போட்டுவிடுங்கள், குடிக்கச் சூடாக ஏதாவது கொடுங்கள், சில நாள் பக்கத்தில் படுங்கள். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் என்றால் பேச்சு உதவும். பிள்ளை சொல்ல விரும்பினால் கேளுங்கள், வரைய விரும்பினால் வரையட்டும். நடிகருக்கு அந்த முகத்தை எப்படி ஒப்பனை செய்தார்கள் என்று காட்டும் வீடியோவைப் பகலில், பிள்ளை சம்மதித்தால் மட்டும், சேர்ந்து பாருங்கள். பயம் தெளியட்டும் என்று அதே படத்தை வற்புறுத்திக் காட்டாதீர்கள். "ஆம்பிளைப் பிள்ளை பயப்பிடுறதோ" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். அதைக் கேட்ட பிள்ளை பயத்தை விடாது, சொல்வதைத்தான் விடும்.

விடிய விடியப் போன் பார்க்கிற பதின்ம வயதினர் சிலர், "பேய் வந்து அமுக்குது, அசைய முடியேல்ல" என்று வருவார்கள். கனவு காணும் கட்டத்தில் தசைகள் தளர்ந்திருப்பது இயல்பு. அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிட்டால் சிறிது நேரம் உடம்பு அசையாது. நித்திரை குறைந்தால் இது கூடும். இதைச் சொன்னதுமே பாதிப் பயம் போய்விடுகிறது, மிச்சத்துக்குப் போனை அறைக்கு வெளியே வைத்துவிட்டு நேரத்தோடு படுக்க வேண்டும்.

ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவுகள் தொடர்ந்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், சாப்பாடு குறைந்தால், அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். வருமுன் அந்தப் படத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கதையைப் பிள்ளையின் முன்னால் திரும்பச் சொல்லாமல், எங்களிடம் தனியே சொல்லுங்கள்.