பறிமுதல், கைப்பற்றல், கொண்டி

பிரிட்டிஷ் செய்தி ஒன்றின் தமிழாக்கம் திருத்தத்துக்காக என் மேசைக்கு வந்தது. பொதுவெளிப் புல்தரையைக் கிழித்துக்கொண்டு ஓடிய, கரடுமுரடான மண்தரையில் ஓட்டுகிற டர்ட் பைக் ஒன்றைப் போலீசார் பிடித்துக்கொண்டு போன செய்தி. நான்கே பத்தி, நான்கிலும் ‘பறிமுதல்’. மூலத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் பத்தியில் சீஸ் (seize), இரண்டாவதில் இம்பவுண்ட் (impound), மூன்றாவதில் கான்ஃபிஸ்கேட் (confiscate), நான்காவதில் ஃபோர்ஃபீட் (forfeit) என்று இருந்தது. “எல்லாம் ஒன்றுதானே, ஐயா?” என்றார் மொழிபெயர்த்த இளைஞர். மூன்று இடங்களில் அடித்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். அந்த ஒன்றையும் பிறகு அடிக்க வேண்டியதாயிற்று. அது ஏன் என்பதற்கு இந்தச் சொற்களின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பறிமுதல் என்பது பறி, முதல் என்ற இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. பறித்த முதல், பறிக்கிற முதல், பறிக்கும் முதல் என்று மூன்று காலத்துக்கும் விரியும். இதில் வரும் ‘முதல்’ வணிகத்து முதல். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்று குறள் சொல்கிறதே, அந்த முதல். வட்டி போகட்டும், முதலாவது வருமா என்று இன்றைக்கும் புலம்புகிறோம். பறித்தல் என்பதோ திரும்பாத செயல். பூவைப் பறித்தால் பறித்ததுதான், காம்பில் மீண்டும் ஒட்டாது. ஆக இந்தக் கூட்டுச்சொல்லுக்குள் பொருளும் போயிற்று, அதன்மீதிருந்த உரிமையும் போயிற்று என்ற முடிவு பொதிந்திருக்கிறது.

பழைய அகராதிகளைப் புரட்டினால் பறிமுதலுக்குக் கொள்ளைப் பொருள் என்றே விளக்கம் கிடைக்கும். வழிப்பறிக்காரன் அள்ளிக்கொண்டு போனது என்று அர்த்தம். அந்தச் சொல் எப்படியோ அரசாங்கத்தின் கைக்கு வந்து கௌரவம் பெற்றுவிட்டது. வேலோடு நின்று ‘கொடு’ என்பவனையும் கோலோடு நின்று கேட்கிற அரசனையும் ஒரே தட்டில் வைத்த வள்ளுவருக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

கான்ஃபிஸ்கேட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் ‘ஃபிஸ்கஸ்’. முதலில் அது கூடை, பிறகு பணக்கூடை, பிறகு பேரரசரின் கருவூலம். ஒருவன் பொருளை அரசரின் கூடையில் போட்டுவிடுவதுதான் கான்ஃபிஸ்கேட். தமிழிலும் மீன் பிடிக்கும் கூடைக்குப் ‘பறி’ என்று பெயர் உண்டு. இதை வைத்து இரண்டு சொல்லுக்கும் உறவு கொண்டாடக் கிளம்பிவிடக் கூடாது, வெறும் தற்செயல்தான். ஆனாலும் கூடைக்குள் போன மீன் திரும்புவதில்லை என்ற அளவில் பறிமுதலுக்கும் கான்ஃபிஸ்கேட்டுக்கும் பொருத்தம் சரியாகவே இருக்கிறது. ஃபோர்ஃபீட் என்பதும் அந்த வகைதான். ‘வெளியே செய்தது’, அதாவது வரம்பு மீறியது, என்ற பொருளில் தொடங்கி, செய்த குற்றத்துக்காக உரிமையை இழப்பது என்று வந்து நின்ற சொல் அது.

சீஸ் அப்படிப்பட்டதல்ல. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல்லின் உறவுச் சொல் நிலவுடைமைக் காலத்துச் சட்டத்தில் அனுபோகத்தைக் குறித்தது. பொருள் யார் கைவசம் இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. தமிழில் ‘கைப்பற்றல்’ அதே வேலையைச் செய்கிறது; கையும் இருக்கிறது, பற்றும் இருக்கிறது. கை மாறியிருக்கிறது, உரிமை மாறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நம் காவல் நிலையங்களில் சாட்சிகளை வைத்து எழுதும் மகஜர் என்ற பதிவில் இந்தச் சொல் சரியாகவே விழுகிறது. ‘கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றப்பட்டது’ என்றுதான் ஏட்டையா எழுதுகிறார். மறுநாள் காலை செய்தித்தாளில் அது ‘பைக் பறிமுதல்’ ஆகிவிடுகிறது. ‘மகஜர்’ அரபியிலிருந்து வந்தது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வந்த இடம் எதுவானாலும் அந்தத் தாளுக்குள் இருக்கும் தமிழ் செய்தித்தாளின் தமிழைவிடத் துல்லியமானது. ஜப்தியும் அரபிச் சொல்தான், பாரசீகம், உருது வழியாக வந்தது. ஆனால் அதைக் கடனுக்காக நீதிமன்ற அமீனா வந்து பூட்டுப் போடும் இடத்துக்கு என்று மக்கள் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். போக்குவரத்துப் போலீஸ் பிடித்த பைக்கை யாரும் ஜப்தி என்பதில்லை. சொற்களை இனம் பிரித்து வைப்பதில் பேசுகிறவர்கள் எழுதுகிறவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

மீதி இருப்பது இம்பவுண்ட். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆங்கிலத்தில் ‘பவுண்ட்’ என்பது பிறர் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் தொழுவம். தமிழில் அந்தத் தொழுவத்துக்குக் கொண்டித்தொழு, கொண்டித்தொழுவம் என்று பெயர். கட்டுக்கு அடங்காமல் அடுத்தவன் பயிரில் வாய் வைப்பது கொண்டி மாடு. ‘கொண்டி’ இன்று நேற்று வந்த சொல்லும் அல்ல. பட்டினப்பாலையில் பகைநாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்களைக் ‘கொண்டி மகளிர்’ என்கிறார்கள். கொள்ளப்பட்டது கொண்டி. பின்னாளில் அது பிறர் நிலத்தில் புகுந்து திரியும் மாட்டுக்கு ஆயிற்று.

1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தத் தொழுவங்களுக்கு ஒரு நடைமுறை வகுத்தது. அடைத்த மாட்டை ஏழு நாளுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் தொழுவக் காவலர் போலீசுக்குத் தகவல் தர வேண்டும். போலீசார் மாட்டின் அடையாளத்தை எழுதி நிலையத்தில் ஒட்டுவார்கள். அருகிலுள்ள ஊரிலும் சந்தையிலும் தண்டோரா போடுவார்கள். அதற்குப் பிறகும் ஏழு நாள் ஆள் வராவிட்டால் ஏலம். (இந்த ‘ஏலம்’ போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனது.) இவ்வளவும் நடக்கும்வரை மாடு உரியவருடையதே. தீவனச் செலவையும் அபராதத்தையும் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம்.

இப்போது அந்த டர்ட் பைக்கைக் கொண்டி மாடாக நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2002-ஆம் ஆண்டின் போலீஸ் சீர்திருத்தச் சட்டம், பிரிவு 59, சீருடையிலுள்ள போலீஸ்காரருக்கு வண்டியைக் கைப்பற்றும் அதிகாரத்தைத் தருகிறது. கவனமில்லாமல் ஓட்டியிருக்க வேண்டும், அல்லது சாலையல்லாத பொதுநிலத்திலோ மேய்ச்சல் காட்டிலோ நடைபாதையிலோ அனுமதியின்றி ஏற்றியிருக்க வேண்டும். அதோடு அது பொதுமக்களுக்கு அச்சமோ வேதனையோ எரிச்சலோ தந்திருக்க வேண்டும், அல்லது தரக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தச் சட்டம் வந்தபோது வைத்த முறைப்படி, வழக்கமாக முதலில் ஓர் எச்சரிக்கை, கேட்காவிட்டால்தான் வண்டி. எல்லை தாண்டி மேய்கிறது, பிடித்து அடைக்கிறார்கள், சொந்தக்காரர் வந்து கட்டணம் கட்டி மீட்கலாம். கொண்டித்தொழுவின் சட்டம் அப்படியே சக்கரம் பூட்டிக்கொண்டு வந்ததுபோல இருக்கிறது. நாள் கணக்குகூட அதேதான். பிடித்த நாளிலிருந்து இரண்டு வாரம் கழிந்த பிறகுதான் போலீசார் வண்டியைக் கழிக்க முடியும் என்று அந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் வைத்தன.

‘கழிக்க’ என்று எழுதியதைக் கவனித்திருக்கலாம். டிஸ்போசல் என்பதற்கு அந்த இளைஞர் ‘அப்புறப்படுத்துதல்’ என்று எழுதியிருந்தார். அப்புறப்படுத்துவது சம்பவ இடத்திலிருந்து வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போவது. அதற்குப் பிறகு விற்பதா, நொறுக்குவதா, திருப்பித் தருவதா என்று முடிவெடுத்துக் கணக்கை முடிப்பது வேறு. ‘கழிவு செய்யப்பட்ட காவல்துறை வாகனங்கள் பொது ஏலம்’ என்று மாவட்டந்தோறும் விளம்பரம் வருகிறதே, அந்தக் ‘கழிவு செய்தல்’ இருக்கும்போது வேறு சொல் தேட வேண்டியதில்லை. வழக்குச் சொத்தானால் ‘தீர்வு செய்தல்’ என்றும் எழுதலாம்.

சரி, அடைத்த பைக்கை என்ன செய்வது? ஏலம் விடலாமே என்றுதான் முதலில் தோன்றும். மாட்டுக்கு அது பொருந்தியது, இதற்குப் பொருந்துவதில்லை. சாலையில் ஓடாத பைக்குக்கு பிரிட்டனில் பதிவு எண் கட்டாயம் இல்லை. விளக்கு இல்லை, எண் பலகை இல்லை, பல வண்டிகளில் சட்டகத்தில் பொறித்த எண்ணையும் யாரோ அரத்தால் ராவி எடுத்திருப்பார்கள். ஏலத்தில் எடுத்தவர் யார், அவர் யாருக்குக் கைமாற்றினார் என்று பின்தொடர வழியில்லை. போன வாரம் பிடித்த வண்டி அடுத்த மாதம் அதே பூங்காவுக்குள் உறுமிக்கொண்டு வரலாம். அதனால் நொறுக்குவதுதான் முடிவு என்று பல இடங்களில் ஆகியிருக்கிறது. நியூயார்க்கில் 2022 ஜூனில் மேயர் எரிக் ஆடம்ஸ் பந்தயக் கொடியை அசைக்க, வரிசையாகக் கிடத்தியிருந்த டர்ட் பைக்குகள் மீது புல்டோசர்கள் ஏறின. முதலில் கைப்பிடி வளைந்து மடிகிறது, பிறகு பெட்ரோல் டேங்க் தட்டையாகிறது. கேமராக்களுக்கு நல்ல தீனி. எனக்கு அந்தக் கொடி பிடிக்கவில்லை. தண்டனையைத் திருவிழா ஆக்கும் பழக்கம் எந்த ஊரிலும் நல்லதல்ல. ஆனால் நொறுக்கியது தவறு என்று சொல்ல மாட்டேன்.

தவறாக முடியக்கூடியது அவசரம். இந்த வண்டிகளில் கணிசமானவை திருடப்பட்டவை. யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையின் பூட்டை உடைத்து எடுத்தது, ராவிய எண்ணோடு கொண்டித்தொழுவில் நிற்கும். 2025 ஜூலையில் பிரிட்டிஷ் உள்துறை அந்த இரண்டு வாரக் காத்திருப்பை 48 மணி நேரமாகக் குறைக்கும் யோசனையை முன்வைத்தது. தெருவில் தொல்லைப்படுகிறவர்கள் கைதட்டுவார்கள், நியாயம்தான். ஆனால் ராவிய எண்ணைச் சோதனைச்சாலையில் மீட்டெடுக்கவும், திருட்டுப் புகார்களோடு ஒப்பிடவும், வெளியூர் போயிருக்கும் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கவும் இரண்டு நாள் போதுமா? மாட்டுக்குக்கூடப் பதினான்கு நாளும் ஒரு தண்டோராவும் இருந்தன. எண் சிதையாத வண்டியானால் சொந்தக்காரருக்குத் தகவல் போய்ச் சேரும்வரை வைத்திருக்க வேண்டும். திருட்டு வண்டி, பறிகொடுத்தவரிடம் போக வேண்டும். ஊர் பேர் தெரியாத, சாலைக்குத் தகுதியற்ற மிச்சத்தை எண்ணெயும் பெட்ரோலும் பேட்டரியும் எடுத்துவிட்டு நொறுக்கலாம். பயன்படும் பாகங்களைத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குக் கொடுத்தாலும் கெட்டுப்போகாது.

கேட்க ஆளில்லாத அந்த மிச்சத்துக்கும் தமிழில் பழைய சொல் இருக்கிறது. ‘உறுபொருளும் உல்கு பொருளும்தன் ஒன்னார்த் தெறுபொருளும் வேந்தன் பொருள்’ என்ற குறளில் வரும் உறுபொருளுக்குப் பரிமேலழகர், புதைத்தவர் இறந்துபோக நெடுங்காலம் கிடந்து பின் கண்டெடுத்த பொருளும், வாரிசுகள் பெறாத பொருளும் என்று உரை சொல்கிறார். ‘நெடுங்காலம்’ என்ற சொல்லை அவர் விடவில்லை. உரியவர் இல்லை என்று உறுதியான பிறகே அது அரசனுடையது. ‘உரிமை கோரப்படாத வாகனங்கள்’ என்று எட்டடி நீளத்துக்கு எழுதுகிற இடத்தில் உறுபொருள் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அகராதியோடு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறவர்கள் குறைவு, அதனால் விட்டுவிட்டேன்.

நம் ஊரில் சிக்கல் நேர் எதிரானது. காவல் நிலையத்துப் பின்புறம் ஆமணக்கும் முள்ளும் மூடிக் கிடக்கும் பைக்குகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கைப்பற்றிய வண்டிகளை நிலையத்தில் நெடுநாள் போட்டுவைப்பதில் பயனில்லை, படம் எடுத்து, ஈட்டுறுதி வாங்கி விடுவியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம், படமும் காணொளியும் எடுத்த 30 நாளுக்குள் நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. துரு சட்டம் படித்ததில்லை, அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

நான்காவது ‘பறிமுதல்’ பாக்கி இருக்கிறது. நொறுக்கும் வண்டிக்காவது அந்தச் சொல் சரி என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன். பிறகு அந்தப் பிரிட்டிஷ் போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளைப் படித்தேன். போலீசார் வண்டியை விற்றுவிட்டால், விற்ற ஓராண்டுக்குள் உரிமையாளர் வந்து தன்னுடையதுதான் என்று நிரூபித்தால், செலவு போக மிச்சப் பணத்தை அவரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். அரசின் கூடைக்குள் எதுவும் விழவில்லை. முதலைப் பறிக்கவே இல்லை. ஆங்கில நிருபரும் நம்மவர்தான் என்று புரிந்தது. ஒரே சொல்லைத் திரும்ப எழுதச் சலித்துப்போய் கான்ஃபிஸ்கேட், ஃபோர்ஃபீட் என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்.

அச்சுக்குப் போன வடிவம் இது: ‘பொதுவெளியில் அனுமதியின்றி ஓட்டப்பட்ட டர்ட் பைக்கைப் போலீசார் கைப்பற்றி, வாகனத் தொழுவில் அடைத்தனர். குறித்த நாளுக்குள் உரிமையாளர் மீட்காததால் அது நொறுக்கிக் கழிக்கப்பட்டது.’ ‘கொண்டித்தொழு’ என்றே போட்டிருந்தேன். ஆசிரியர் முன்பாதியை வெட்டிவிட்டார்.