மஞ்சள் டப்பாவில் மசாலா எவ்வளவு, உப்பு எவ்வளவு?

சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவே வைப்பதில்லை என்றார் என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர். அவர் எழுதி வந்த உணவுக் குறிப்பும் அதைத்தான் சொன்னது. இரத்த அழுத்தம் மட்டும் இறங்குவேனா என்றது. காலையில் முட்டை, மதியம் வேகவைத்த சோளம், ராத்திரி உருளைக்கிழங்கு வறுவல். "எல்லாம் சப்பென்றா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "இல்லையே, ஓல்ட் பே தூவிக்கொள்வேன். அது மசாலாதானே?"

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தப் பதில் பழகிப்போன ஒன்று. இங்கே ஓல்ட் பே மசாலாவின் அந்த மஞ்சள் நீல டப்பா இல்லாத சமையலறை அபூர்வம். நண்டு, இறாலுக்கென்று பிறந்த மசாலா இப்போது பாப்கார்ன், முட்டை, கோழி என்று எல்லாவற்றின் மேலும் விழுகிறது. தக்காளிச் சாறு கலந்த மதுக்கோப்பையின் விளிம்பில்கூட ஒட்டவைக்கிறார்கள்.

அதன் கதை நல்ல கதை. குஸ்டாவ் புருன் ஜெர்மனியின் வெர்ட்ஹைம் நகரில் மசாலா வியாபாரம் செய்தவர், யூதர். 1938 நவம்பரில் நாஜிகள் யூதர்கள்மேல் வெறியாட்டம் நடத்தியபோது பிடிபட்டு, பூகன்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். வெளியே வந்ததும் குடும்பத்தோடு அமெரிக்காவின் பால்டிமோர் வந்து சேர்ந்தார். கூடவே ஒரு சின்ன மசாலா அரவை இயந்திரமும் வந்தது. 1939-இல் மொத்த மீன் சந்தைக்கு அருகே கடை போட்டார். நண்டு வேகவைப்பவர்கள் மிளகு, கடுகு என்று தனித்தனியாக வாங்கிப்போவதைப் பார்த்து, தானே ஒரு கலவை தயாரித்தார். பெயரைக் கேட்டதும் பே இலை என்ற வாசனை இலையை நினைப்பவர்கள் உண்டு. இது செசபீக் விரிகுடாவில் பால்டிமோருக்கும் நார்ஃபோக்குக்கும் இடையே ஓடிய 'ஓல்ட் பே லைன்' பயணிகள் கப்பல் நிறுவனத்தின் பெயர். கப்பல் 1962-இல் நின்றுபோனது, டப்பா நிற்கவில்லை. 1990-இல் மெக்கார்மிக் நிறுவனம் அதை வாங்கியது.

சரி, டப்பாவைத் திருப்பிப் பார்ப்போம். அமெரிக்க விதிப்படி எடையில் அதிகமானது பட்டியலில் முதலில் வரவேண்டும். இதில் முதலில் நிற்பது செலரி உப்பு, அதாவது செலரிக் கீரையின் விதை கலந்த உப்பு. அதன் அடைப்புக்குறிக்குள்ளும் முதலில் உப்பு, அப்புறம்தான் செலரி விதை. கால் தேக்கரண்டி 0.6 கிராம்; அதில் சோடியம் 140 மில்லிகிராம். அதை உப்பாக மாற்றினால் ஏறக்குறைய 350 மில்லிகிராம். அதாவது டப்பாவில் பாதிக்கு மேல் உப்புதான். மிளகும் மிளகாயும் முந்திக்கொண்டு நாக்கைப் பிடிப்பதால் உப்பு தெரிவதில்லை.

கால் தேக்கரண்டியோடு யார் நிறுத்துகிறார்கள்? அவரிடம் ஒரு காகிதத் தட்டைக் கொடுத்து, வீட்டில் தூவுவதுபோலத் தூவச் சொன்னேன். கூட்டி அளந்தால் ஒன்றரைத் தேக்கரண்டி: 840 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளுக்கே 2,300-ஐத் தாண்டக்கூடாது என்கிறார்கள் இங்கே. உலக சுகாதார நிறுவனம் 2,000 என்கிறது.

நண்டு விருந்துக்கே போகக்கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். மேசையில் பழுப்புக் காகிதம் விரித்து, ஆவியில் வெந்த நண்டைக் கொட்டி, சின்ன மரச் சுத்தியலால் தட்டிச் சாப்பிடுகிற சுகமே தனி. (பல நண்டுக் கடைகளில் போடுவது ஓல்ட் பே அல்ல, ஓட்டில் நன்றாக ஒட்டும் பருமனான உப்பு கலந்த ஜே.ஓ. மசாலா. இதை பால்டிமோர்க்காரரிடம் சொன்னால் அரை மணி நேரம் வாதம் நடக்கும்.) மசாலா அப்பியிருப்பது ஓட்டின்மேல், உள்ளே சதையில் கொஞ்சம்தான். மீதி விரல் வழியாகத்தான் வாய்க்குப் போகிறது. ஈரத்துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலைத் துடைத்தபடி சாப்பிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. உறைந்த இறால் வாங்கும்போது மட்டும் பொட்டலத்தைப் படியுங்கள். ஈரம் காக்க சோடியம் பாஸ்பேட் சேர்த்திருந்தால், மசாலா தூவுமுன்பே அதில் சோடியம் ஏறியிருக்கும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயம் அறிவிக்கச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் செலரியும் கடுகும் உண்டு. அமெரிக்காவின் 9 பொருள் பட்டியலில் இரண்டுமே இல்லை. 'மசாலாப் பொருள்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கடுகு இருந்தாலும் லேபிளில் தெரியாது. கடுகு ஒத்துக்கொள்ளாதவர்கள் தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ருசியை விடமுடியாதவர்களுக்கு நான் சொல்வது, உப்பில்லாமல் வீட்டிலேயே அரைப்பது. செலரி விதைதான் உயிர்; ஓமத்தின் குடும்பம், காரசாரமான மணம். அதோடு பாப்ரிகா (காரம் குறைந்த மிளகாய்த்தூள்), மிளகு, மிளகாய்த்தூள், கடுகு, பே இலை, சுக்கு, கிராம்பு, கொஞ்சம் ஜாதிபத்திரி. உப்பு வேண்டுமானால் தனியாக, அளந்து.

அவரும் அரைத்துப் பார்த்தார். அடுத்த முறை வந்து உட்கார்ந்ததும், கிராம்பு தூக்கலாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.