திங்கட்கிழமை பட்டறைக்கு வரும் மோட்டார்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவனுக்கு, வாரக் கடைசியில் யார் எங்கே போனார்கள் என்று விசாரிக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நிற்கும் வண்டிகளே சொல்லிவிடும். கிளட்ச் லீவர் வளைந்திருந்தால் தோட்டத்துச் செம்மண் பாதையில் சாய்ந்திருக்கிறார்கள். பின் பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் கேமரன் மலையிலிருந்து தாப்பா பக்கமாக இறங்கியிருக்கிறார்கள். செயின் தொங்கினால் பின்னால் ஓர் ஆள், ஆளுக்குப் பின்னால் பெட்டி, பெட்டி நிறைய முட்டைக்கோசு.

எங்கள் ஊரில் மோட்டார் என்றால் ஒரு காலத்தில் கப்சாய் என்ற சின்ன மோட்டார்தான். அப்பா அதில் பால்வாளியைக் கட்டிக்கொண்டு, பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனார். மகன் இன்று வி-ஸ்ட்ரோம் 250, வெர்சிஸ் எக்ஸ் 250, டிஆர்கே 251 என்று உயரமான வண்டிகளில் வருகிறான். எனக்குச் சந்தோஷம்தான். வண்டிகளும் நல்ல வண்டிகள். ஆனால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கொன்வோயாக, அதாவது வரிசையாகப் போகும்போது ஒரு தப்பு தவறாமல் நடக்கிறது. கூட்டத்தில் பெரிய வண்டி வைத்திருப்பவர் வழியையும் வேகத்தையும் முடிவு செய்கிறார். முடிவு செய்ய வேண்டியது கூட்டத்திலேயே சின்ன டாங்கியும், கூட்டத்திலேயே புதிய ஆளும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். டிஆர்கே 251-க்கு 18 லிட்டர் டாங்கி. வெர்சிஸ் 250-க்கு 17. வி-ஸ்ட்ரோம் 250 எஸ்எக்ஸ்ஸுக்கு 12, பிஎம்டபிள்யூ ஜி310ஜிஎஸ்ஸுக்கு 11. கூடவே பழைய யமஹா ஒய்15-இல் ஒரு தம்பி கட்டாயம் வருவான், அவனுக்கு 4.2 லிட்டர். இங்கிருந்து ஈப்போ, சிம்பாங் பூலாய் வழியாக ஏறி, கம்போங் ராஜா, பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் பார்த்து, தாப்பாவில் இறங்கித் திரும்பினால் 250 கிலோமீட்டருக்கும் மேல். 18 லிட்டர்காரர் எண்ணெயை, அதாவது பெட்ரோலை, நினைத்தே பார்க்க மாட்டார். ஒய்15 தம்பியோ கூச்சத்தில் வாயைத் திறக்க மாட்டான். அவன் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், 100 கிலோமீட்டருக்குள் எல்லோரும் எண்ணெய் ஊற்றுவது என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். மலை ஏறும் முன் சிம்பாங் பூலாயில் எல்லா டாங்கியும் நிறைந்திருக்க வேண்டும், அரை டாங்கி இருப்பவர் உட்பட.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக. பி2 வைத்திருப்பவர் 250 சிசி வரைதான் ஓட்டலாம். நண்பரின் 310-ஐயோ 390-ஐயோ 'கொஞ்ச தூரம் மாற்றி ஓட்டலாமே' என்று வாங்காதீர்கள். அந்தக் கொஞ்ச தூரத்தில் ஏதாவது நடந்தால் காப்புறுதி பெரிய தலைவலியாகிவிடும்.

இனி பாரம். ஜி310ஜிஎஸ்ஸை எடுத்துக்கொள்வோம். வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அது தாங்கும் எடை 345 கிலோ. வண்டியே 175. மீதி 170 கிலோவில் ஓட்டுபவர் 85, பின்னால் இருப்பவர் 65 என்றால் மழைக்கோட்டு, கருவி, தண்ணீர், பெட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 கிலோதான். காய்கறியின் எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று பெட்டி மாட்டினால் வண்டி படத்தில் அழகாக இருக்கும், மலை வளைவில் பின்பக்கம் ஆடும். செயினைக் காலி வண்டியில் விறைப்பாக இழுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். சஸ்பென்ஷன் நீளமான இந்த வண்டிகளில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகி, கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை மில்லிமீட்டர் தளர்வு என்று போட்டிருக்கும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, செயின் எந்த இடத்தில் அதிகமாக இறுகுகிறதோ அங்கே அந்த அளவை வையுங்கள்.

ஏறும்போது 250 வண்டி மூச்சு வாங்கத்தான் செய்யும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே. காற்று மெலிந்துவிடுவதால் இன்ஜின் பலத்தில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். வண்டி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், ஒரு கியர் குறைத்தால் போதும்.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். ஒரு முறை நானும் அப்படி ஒரு கொன்வோயில் கடைசி ஆளாகப் போனேன். ரிங்லெட் தாண்டி தாப்பா ரோட்டில் வளைவுக்கு மேல் வளைவு. எனக்கு முன்னால் ஒரு தம்பி, பின்னால் அவன் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி. அவனுடைய பிரேக் விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. நேரான இடத்தில்கூட அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் இரும்பும் ரப்பரும் கருகுவதுபோல ஒரு வாடை. ஹாரன் அடித்துப் பார்த்தேன், அவன் காதில் விழவில்லை. லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் கடைகள் இருக்கும் இடத்தில் எப்படியோ நிறுத்திவிட்டு, "அண்ணே, மிதிச்சா உள்ளே போகுது, ஆனா பிடிக்க மாட்டேங்குது" என்றான். பெடலை அழுத்திப் பார்த்தேன், ஊறிய ரொட்டிபோல அமுங்கியது.

அதற்குள் ஒருவர் அருவித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு டிஸ்க்கில் ஊற்ற வந்துவிட்டார். பிடுங்கி வைத்தேன். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிவிடும். முக்கால் மணி நேரம் தே தாரேக் குடித்துக்கொண்டு, தானாக ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். பெடல் திரும்பி வந்தது. அவன் மனைவி என் வண்டிக்கு மாறினார், பெட்டிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம், அவன் இரண்டாம் கியரிலேயே இறங்கினான்.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நம் ஊர் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்குக்கூட இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. அப்புறம் நீங்கள் மிதிப்பது குமிழியைத்தான், பிரேக் பேட்டை இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் இதற்கு உதவாது. அந்தத் தம்பியின் வண்டியில் நான்கு வருடமாக ஆயில் மாற்றவே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், கப்சாய் டயர் ஒன்றின் விலைகூட ஆகாது. இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து விட்டுவிடுங்கள். ஹோண்டா ஏடிவி 160 போன்ற ஸ்கூட்டர்களில் குறைக்கக் கியர் இல்லை, ஆகவே அவர்களுக்கு இடைவெளியும் ஓய்வும் கூடுதலாக வேண்டும்.

மலை வேண்டாம், பக்கத்துத் தோட்டத்துக்குள் ஒரு சுற்று போதும் என்பவர்களும் உண்டு. முதலில் ஜாகாவிடம் (தோட்டக் காவலர்) கேட்டுவிட்டுப் போங்கள், அது அடுத்தவர் நிலம். செம்மண் காய்ந்திருந்தால் தூசு, நனைந்தால் சவர்க்காரம். செம்பனைப் பழ லாரி போன தடத்தில் உதிரிப்பழம் கோலிக்குண்டு மாதிரி கிடக்கும், செம்பனை மட்டையின் முள் டயரில் ஏறும். இங்கேதான் டியூப் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமாகிறது. டியூப்லெஸ் டயரில் பஞ்சரைப் பத்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். வெர்சிஸ், பழைய ஹிமாலயன் மாதிரி கம்பிச் சக்கர வண்டிகளில் டியூப் இருக்கும், சக்கரத்தையே கழற்ற வேண்டும். கூட்டத்தில் அப்படி ஒரு வண்டி இருந்தால், அதற்கான டியூபும் டயர் நெம்பியும் அந்த வண்டியிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் கொண்டு வருவார்கள் என்று எல்லோரும் நினைத்து, கடைசியில் யாரிடமும் இல்லாமல் போனதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

வரிசை எப்படி? புதிய ஆள் லீடருக்கு நேர் பின்னால். கடைசியில் விட்டால் முன்னால் போகிறவர்களைப் பிடிப்பதற்காகவே தன் சக்திக்கு மீறி முறுக்குவான். வண்டியைப் பழுது பார்க்கும் கைவேலை தெரிந்தவர் கடைசி. சந்திப்பு வந்தால், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நின்று, பிறகு திரும்புங்கள். மலையில் ஃபோன் சிக்னல் இல்லாத இடங்களில் இந்த ஒரு பழக்கம் போதும், வாட்ஸ்அப் தேவைப்படாது. திரும்பும்போது மோட்டாருக்கு டோல் இல்லை என்பதற்காக நெடுஞ்சாலையில் 110-ஐப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். ஒற்றை சிலிண்டர் 250 அந்த அதிர்வில் நட்டைக் கழற்றும். தாப்பாவிலிருந்து கம்பார், கோப்பெங் பழைய ரோடு போதும்.

ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, இரண்டு மணிக்குள் தாப்பாவில் இறங்கிவிடுவதுபோல் நேரம் வையுங்கள். பள்ளி விடுமுறை வாரக் கடைசியில் பிரிஞ்சாங்கில் கார்கள் நகராது, அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை பயணம் என்றால் வியாழக்கிழமையே வண்டியைக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரேக் பேட் இல்லை என்று தெரிந்தால் நான் எங்கே போய்த் தேடுவேன்? இன்னொன்று, பட்டறைக்குக் கொண்டுவரும் முன் வண்டியைக் கழுவிப் பளபளவென்று ஆக்காதீர்கள். ஆயில் எங்கே கசிகிறது என்று எனக்கு அந்த அழுக்கில்தான் தெரியும்.