லேன்: வழியா, தடமா?

பெங்களூரில் நாம் 'லேன்' என்ற சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறோம். அல்சூர் பக்கம் முகவரி சொல்லும்போது அது சந்து. அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறிவிட்டால், ஒரு வரிசை வண்டிகள் போகக் கோடு போட்டுப் பிரித்த பகுதி. மூத்த பொருள் சந்துதான்; இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுக்கமான பாதைக்குத்தான் பழைய ஆங்கிலத்தில் இந்தப் பெயர். வேலியின் இடத்துக்கு வெள்ளைக் கோடு வந்தது கார்கள் பெருகிய பிறகு.

இந்தக் கோடு போட்ட லேனுக்குத் தமிழில் என்ன சொல்வது? தமிழ்ப் பத்திரிகைகள் 'நான்குவழிச் சாலை', 'எட்டுவழிச் சாலை' என்று எழுதிப் பழகிவிட்டன. இங்கே கன்னடத்தில் 'பத' என்கிறார்கள். 2023-இல் திறந்த மைசூரு நெடுஞ்சாலை அவர்களுக்கு 'தசபத', அதாவது பத்துவழி. சாலை எவ்வளவு அகலம் என்று சொல்ல 'வழி' போதும். ஆனால் வண்டி ஓட்டுகிறவரிடம் 'இடது வழியில் போ' என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த திருப்பத்தில் இடப்பக்கம் திரும்பிவிடுவார்.

எனக்குச் சரியாகப் படுவது தடம். கால்தடம், வழித்தடம், ரயில் தடம் புரண்டது என்றெல்லாம் சொல்கிறோமே, அதில் பதிந்த அடையாளமும் இருக்கிறது, அதைப் பிடித்துப் போகும் பாதையும் இருக்கிறது. லாரி ஓட்டும் அண்ணன்மார் 'லெஃப்ட் டிராக்ல போ' என்பதும் இதே தடம்தான். கோடு அழிந்தால் லேனும் இல்லை என்பதால் இந்த அடையாளப் பொருள் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

போன மழைக்காலத்தில் தம்பியின் புது காரில் மாரத்தஹள்ளி பக்கம் வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். அந்தக் கார் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவால் கோட்டைப் பார்த்துத் தானே ஸ்டியரிங்கைத் திருத்திக்கொள்ளும். கோடு தெளிவாக இருந்த வரை டேஷ்போர்டில் பச்சைக் குறி எரிந்தது. ஒட்டுப்போட்ட தார் வந்ததும் அணைந்தது, அப்புறம் அரைகுறையாக அழித்த பழைய கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் லேசாக இழுத்தது. தம்பிக்கும் அந்த இடத்தில் எந்தக் கோடு சரி என்று தெரியவில்லை, மெதுவாக்கிவிட்டான். மனிதனைக் குழப்பும் சாலை கேமராவையும் குழப்பும்.

புதிதாகப் போட்ட கோட்டை விரலால் தடவினால் ரவை மாதிரி நறநறக்கும். அவை கண்ணாடி மணிகள். ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்புவது அவைதான், அவை உதிர்ந்தாலோ மேலே தண்ணீர் நின்றாலோ இரவில் கோடு மறைந்துவிடும். அகலமும் கவனிக்க வேண்டியது: நம் நாட்டில் வழக்கமான தடம் 3.5 மீட்டர், ஆட்டோவோ சுமார் 1.3 மீட்டர்தான், பக்கத்தில் ஒரு பைக் தாராளமாக நுழையும். ஒரு தடத்தில் ஒரே வண்டி என்று நம்பும் தானோட்டிக் காரை இங்கே அப்படியே இறக்கிவிட முடியாது.

இந்த ஒரு சொல்லிலிருந்தே தடக்கோடு, தடக்காப்பு (தம்பியின் கார் செய்ததுபோல் தடத்துக்குள்ளேயே நிற்பது), தட ஒழுங்கு எல்லாம் எளிதாகப் பிறக்கின்றன. 'தடம் மாறினான் என்றால் கெட்டுப்போனான் என்று ஆகாதா?' என்று அக்கா கேட்டாள். 'தடம் மாறும்போது இண்டிகேட்டர் போடு' என்று சொன்னால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது, அக்கா.